அணில் கடக்கும் மரம்

ஒரு பூப்பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பதற்காகச் சென்னையிலிருந்து கொல்லிமலைக்குப் போய்வந்தேன். இரண்டு பொட்டலங்கள் இருக்கும், ஒன்றை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பத்திரிகையில் இருந்த காலத்தில் இதைவிடச் சிறிய காரணங்களுக்காக இதைவிடத் தொலைவு போயிருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் நடப்பதைப் பார்த்து எழுதுவது மட்டுமே என் பொறுப்பு. இந்த முறை நடக்கப்போவதே என் கையில் இருந்தது.

அழைத்தவள் பாப்பாத்தி. கொல்லிமலையின் குண்டூர் நாடு என்ற பகுதியில் ஒரு சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தோம். திண்டுக்கல் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த என் அம்மா அங்கே நர்ஸாக இருந்தார். நான் தொடக்கப்பள்ளியை முடித்ததும் நாங்கள் மலையை விட்டு இறங்கிவிட்டோம். அன்று என்னை “புள்ளே” என்று கூப்பிட்டவள், தொலைபேசியில் “ஏனுங்க” என்றாள்.

“ஏனுங்க, ஒரு பூ எடுக்கோணும். வாரீங்களா?”

விஷயம் இதுதான். அந்த ஊரின் சாமிக்கு ஒரு சோலை உண்டு. அதிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட யாரும் எடுக்கக் கூடாது. சோலையின் ஓரத்தில் நிற்கும் பெரிய நாவல் மரத்தின் ஒரு கவை, அடிமரத்திலிருந்து பிரியும் பெருங்கிளை, பாப்பாத்தியின் வீட்டுக்கு மேலே சாய்ந்திருக்கிறது. போன மழைக்காலத்தில் அதிலிருந்து ஒரு கிளை முறிந்து மாட்டுக் கொட்டகை மேல் விழுந்து கன்றுக்குட்டி செத்துப்போயிற்று. அடுத்த மழைக்குக் கவையே வீட்டின்மேல் வரலாம். அதை வெட்ட வேண்டும் என்கிறாள் பாப்பாத்தி. கூடாது என்கிறது ஊரில் பாதி. ஒரு தலைமுறையாக அந்தச் சோலையில் இல்லாமல் போயிருந்த மலையணில்கள் திரும்பி வந்திருக்கின்றன. அவை தரையில் இறங்குவதில்லை. சோலைக்கும் கீழே பள்ளத்துக் காட்டுக்கும் இடையில் அவை போய்வருவது அந்தக் கவை வழியாகத்தான்.

இப்படிப்பட்ட வழக்குகளை அந்த ஊரில் சாமியிடம் பூ கேட்டுத் தீர்த்துக்கொள்கிறார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. முதல் முறை பாப்பாத்தியின் பேத்தி எடுத்தாள், வெள்ளை வந்தது. சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்றது எதிர்ப்பக்கம். இரண்டாம் முறை எதிர்ப்பக்கத்துக் குழந்தை எடுத்தது, சிவப்பு வந்தது. இந்தப் பக்கம் அதையே சொன்னது.

“நர்சம்மா கையிலதான் பாதி ஊரு பொறந்துச்சு. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் அதுல இருக்காங்க. அவங்க புள்ள வந்து எடுத்தா ஆரும் வாய் தொறக்க மாட்டாங்கன்னு சடையன் கொழுந்தனாரே சொல்லிட்டாருங்க” என்றாள். சடையன் அவள் கணவரின் சித்தப்பா மகன். எதிர்ப்பக்கத்துக்குத் தலைவரும் அவர்தான்.

“பாப்பாத்தி, நாங்க வேதக்காரங்க.” கிறிஸ்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“தெரியுமுங்க. எங்க சாமிகிட்ட உங்களுக்கு ஒரு வேண்டுதலும் இருக்காதுல்ல. அந்தக் கைதான் வேணும்.”

முதல் நாள் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தையில் கடுகும் சீரகமும் வாங்கிக்கொண்டேன். மலைக்கு விருந்துக்குப் போகிறவர்கள் இனிப்பு வாங்கிப் போவதைவிட இது நல்லது என்பது அம்மாவின் கொள்கை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் அன்னாசி விற்றுத் திரும்பும் ஒரு பெண், காலியான கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாதி மலையில் பஸ் நின்றது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றிருந்தது. லாரி பின்னால் போனால் பள்ளம். நாங்கள் பின்னால் போனாலும் பள்ளம். இரண்டு டிரைவர்களும் இறங்கி, சக்கரங்களைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு பீடி பற்றவைத்தார்கள்.

“ஏனுங்க டிரைவரு, நாங்க இங்கயே ஊடு கட்டிக்கட்டுங்களா?” என்றார் கூடைக்காரப் பெண் ஜன்னல் வழியாக.

“கட்டுங்க அக்கா. தெனமும் ரெண்டு தடவ இந்தப் பக்கம் வாரேன். டீ குடிக்க ஒரு எடம் ஆச்சு.”

கடைசியில் எல்லோரும் இறங்கி, லாரியிலிருந்து கொஞ்சம் மூட்டைகளை இறக்கி, அது திரும்பிய பிறகு மறுபடி ஏற்றிக்கொடுத்தோம். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த வளைவுகளில் அம்மா எனக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பார். இப்போது பிள்ளைகளுக்குக் கைப்பேசியைக் கொடுக்கிறார்கள். வாந்தி எடுப்பது மட்டும் மாறவில்லை.

மேலே ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். கடலை நான் முதன்முதலில் பார்த்தது இந்த இடத்திலிருந்துதான். மார்கழிக் காலைகளில் கீழே சமவெளி முழுவதும் பனிமூட்டம் நிரம்பி, தொலைவில் மற்ற மலைகளின் உச்சிகள் மட்டும் கறுப்பாகத் தெரியும். அதுதான் கடல் என்று நினைத்திருந்தேன். நாங்கள் இருப்பது தீவு. பிற்பாடு மெரினாவில் நிஜக் கடலைப் பார்த்தபோது அது அத்தனை பெரிதாகத் தோன்றவில்லை.

பாப்பாத்தியின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. ஓட்டு வீடு. மண் சுவர், முட்டளவுக்குக் கல் கட்டு. நாவல் மரத்தை நான் தேட வேண்டியிருக்கவில்லை. சோலையின் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் அதன் அடிமரம். இந்தப் பக்கம், இரண்டு ஆள் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு கவை, கூரைக்கு மேலே கை நீட்டியதுபோல வந்து, வீட்டைத் தாண்டிப் பள்ளத்து மரங்களோடு கலந்திருந்தது. கவை பிரியும் இடத்தில் பட்டை பிளந்து உள்ளே கறுத்திருந்தது. எனக்கு மரங்களைப் பற்றித் தெரியாது. ஆனால் அந்த வீட்டுக்குள் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது என்பது தெரிந்தது.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். ரேஷன் அரிசி வந்த பிறகு சாமை விருந்தாளிக்கு மட்டும் என்றாகிவிட்டதாம். நாங்கள் மலையில் இருந்தபோது நெல்லுச்சோறுதான் விருந்து. குவார்ட்டர்ஸில் அம்மா பொங்கும் அரிசிச் சோற்றுக்காகப் பாப்பாத்தி எங்கள் வீட்டுக்கு வருவாள், அவள் வீட்டுச் சாமைக்காக நான் அங்கே போவேன். இரண்டு அம்மாக்களும் தங்கள் சமையலில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கணவர் செல்லப்பன் அதிகம் பேசாதவர். வீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, “கல்லு பூரா அவ சுமந்ததுங்க. நான் எடுத்து வெச்சேன், அவ்வளவுதான்” என்றார். நாளை மறுநாள் பூ எடுக்கப்போவதைப் பற்றிப் பாப்பாத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தப் பொட்டலத்தை எடு என்றோ, எனக்காக வேண்டிக்கொள் என்றோ சொல்லவில்லை. எனக்குப் பாய் விரிக்கும்போது மட்டும், கவைக்கு நேர் கீழே இல்லாத மூலையைத் தேர்ந்தெடுத்து விரித்தாள். அவர்கள் இருவரும் வழக்கமான இடத்திலேயே படுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் காலையில் சடையன் வந்தார். கையில் ஒரு பாட்டில் தேன்.

“லஞ்சமில்லீங்க. போன மாசம் எடுத்தது. அண்ணி ஊட்டுச் சோத்தத் தின்னீங்கல்ல, அதுக்குச் சரியாப் போச்சு.”

“உங்க நாக்க மட்டும் அந்தக் கவையில கட்டித் தொங்கவிட்டா அணிலு தானா ஓடிப்போயிரும் கொழுந்தனாரே” என்றாள் பாப்பாத்தி அடுப்படியிலிருந்து. தேனை வாங்கி உள்ளே வைத்தாள். அவருக்கும் காப்பி வந்தது.

சோலைக்குள் செருப்பில்லாமல் போனோம். வெளியே வரும்போது சேலையை உதற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒட்டிக்கொண்டு வரும் விதையும் சாமியுடையதுதான். உள்ளே சில அடி நடந்ததும் வெயிலும் ஊர்ச் சத்தமும் நின்றுபோயின. என் சிறுவயதில் சோலை இவ்வளவு அடர்த்தியாக இல்லை. நடுவில் கொஞ்சம் பெரிய மரங்கள், சுற்றிலும் மரவள்ளி. யாரும் மரத்தை வெட்டவில்லை, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு உழவு ஒரு சால் உள்ளே நகர்ந்தது. எல்லைக் கற்களும் கூடவே நகர்ந்தன. மிச்சமிருந்த அணிலையும் பறவையையும் கவணோடு திரிந்த பையன்கள் அடித்துத் தீர்த்தார்கள். மலையணிலை நான் அப்போது பார்த்ததே இல்லை. அதன் வாலை மட்டும் ஒரு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கப் பார்த்திருக்கிறேன். திருவிழாவில் ஆடுகிறவர் அதைத் தலைப்பாகையில் செருகிக்கொள்வார்.

“அப்புறம் எப்படி இவ்வளவு காடாச்சு?” என்றேன்.

“ஊத்து வத்திப்போச்சுங்க. அப்பத்தான் புத்தி வந்துச்சு. நோம்பிக்குத் தேங்கா ஒடைக்க வாரவங்க தேங்காய்க்குப் பதிலா ஒரு நாத்துக் கொண்டாரோணும்னு ஊரு பேசி வெச்சோம். பூசாரிக்குத்தான் நட்டம். சட்னிக்குத் தேங்கா இல்லைன்னு ரெண்டு வருசம் எங்கூடப் பேசல.”

சோலையின் நடுவில் ஒரு பிள்ளையார். அவருக்கு முன்னால் வழவழப்பான கற்கள் குவிந்திருந்தன. ஒரு முனை உருண்டும் மறுமுனை தீட்டிய கோடாரி வாய்போலவும் இருக்கும் கற்கள். இரும்பு வருவதற்கு முன்னால் இந்த மலையில் இருந்த மனிதர்கள் செய்துகொண்டவை. உழும்போது கிடைத்தால் கொண்டுவந்து பிள்ளையாரிடம் வைத்துவிடுவது வழக்கம். ஏன் என்று கேட்டால், வேறு எங்கே வைப்பது என்று திருப்பிக் கேட்பார்கள். நான் பார்த்த அருங்காட்சியகங்களில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு சீட்டும் இருந்தன. இங்கே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு எண்ணெய் விளக்கு. மரம் வெட்டும் கருவிகளை, மரம் வெட்டக் கூடாத ஓர் இடத்தில் குவித்து வைத்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் சடையன் கையை நீட்டி என்னை நிறுத்தினார். முதலில் சத்தம்தான் கேட்டது, கிட்டி அடித்ததுபோல. பிறகு அது வந்தது. பூனையைவிட நீளம். முதுகு கருஞ்சிவப்பு, வயிறு வெளிர்மஞ்சள். உடம்பைவிட நீண்ட வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு நாவலின் கவையில் ஓடியது. பாப்பாத்தியின் கூரைக்கு நேர் மேலே வந்ததும் நின்று, கீழே எட்டிப் பார்த்தது. கீழே அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அது பள்ளத்து மரத்துக்குத் தாவியது. கிளை ஆடி அடங்க நேரம் பிடித்தது. சுவரில் மாட்டியிருந்த அந்த வாலை என் கை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது, தூசியும் முரட்டு மயிருமாக. உயிரோடு இருக்கும்போது அது இப்படிப் பறக்கும் என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

“கயிறு கட்டிவிட்டா அணில் அதுல போகும்னு டவுன்லருந்து வந்த ஒருத்தரு சொன்னாருங்க. அணிலுக்கு ஆரு சொல்லிக் குடுக்கறது? அண்ணி ஊடு போவோணும்னு எனக்கென்ன வேண்டுதலா. அந்த ஊட்டுல எத்தன நாளு சோறு தின்னிருக்கறேன்.” சொல்லிவிட்டு, சேலையை உதறச் சொன்னார். உதறினேன்.

மூன்றாம் நாள் சோலைக்குள் பிள்ளையாருக்கு முன்னால் ஊர் கூடியது. நான் ஓர் ஏற்பாட்டோடு போயிருந்தேன். எதைப் பற்றியும் யோசிக்காமல் வலப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் அது என் முடிவாக இருக்காது.

பொட்டலங்களைக் காட்டுவதற்கு முன் பூசாரி இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டார். இந்த ஊரில் ஒரு வழக்கம் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பூ யாருக்குச் சாதகமாக வருகிறதோ, அவர் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். என்ன கொடுப்பது என்பதை முன்பே சபையில் சொல்லிவிட வேண்டும். நான் பார்த்த நீதிமன்றங்கள் எதிலும் ஜெயித்தவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

“கெலிச்சா என்ன குடுப்பே?” என்று பாப்பாத்தியைக் கேட்டார்.

“ஊட்டுக்குப் பின்னால இருக்கற பலா மரம் எல்லாத்தையும் அணிலுக்கு விட்டர்றனுங்க. ஒரு காய் பறிக்க மாட்டேன்.”

“சடையா, நீ கெலிச்சா?”

சடையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ரோட்டோரத்துல இருக்கற எங்க காட்டுல அண்ணிக்கு ஊட்டுக்கு எடம். ஊட்டயும் நானே நின்னு கட்டிக் குடுத்தர்றேன்.”

அவர் மனைவி கூட்டத்திலிருந்து, “அதுல மொளகு நட்டிருக்குது” என்றாள். “தெரியும்” என்றார் அவர்.

பூசாரி திரும்பி நின்று பொட்டலங்களை மாற்றி மாற்றிக் கலைத்து, கற்குவியலுக்கு முன்னால் வைத்துவிட்டு விலகினார். என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்தார். வலது, இடது என்று எதுவும் இல்லை. என் ஏற்பாடு அங்கேயே முடிந்துபோனது. ஒரு கணம் நின்றேன். பாப்பாத்தியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். கைக்கு அருகில் இருந்ததை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தேன்.

அவர் இலையைப் பிரித்துத் தூக்கிக் காட்டினார். சிவப்பு.

பாப்பாத்தி அந்தப் பூவைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள், கடையில் பொருளை வாங்குவதற்கு முன் பார்ப்பதுபோல. பிறகு “சரிங்க” என்று பூசாரியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள். சடையன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் அங்கே வந்திருந்தால் தோற்றவர் அவர்தான் என்று எண்ணியிருப்பார்.

நான் பாப்பாத்தியின் பின்னால் போனேன். அவள் பானைகளை வெளியே எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தாள். அவள் பெயரைச் சொன்னேன்.

“நீ என்ன புள்ள பண்ணுவே. பக்கத்துல இருந்தத எடுத்தே” என்றாள். “அந்தப் பக்கம் புடி. இது கனமா இருக்கும்.”

தானியக் குதிரின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். உள்ளே சாமை இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஏணி வந்தது, அதைச் சுமந்து வந்தவர் சடையன். கூரைமேல் முதலில் ஏறியவரும் அவர்தான். ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்க, கீழே வரிசையாக நின்றவர்கள் கைமாற்றி வாங்கினார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் கலந்து நின்றதால் யார் எந்தப் பக்கம் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

“மெதுவா, மெதுவா. ஒடஞ்சா உங்க ஊட்டு ஓட்டப் பிரிச்சுருவேன் கொழுந்தனாரே.”

“பிரிச்சுக்கங்க. எங்க ஊடும் ஒழுகத்தான் செய்யுது.”

செல்லப்பன் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் சுவர்கள் மட்டும் நின்றன. கூரை இல்லாத அடுப்படிக்குள் நாவல் இலைகள் விழுந்துகொண்டிருந்தன. பள்ளிவிட்டு வந்து நானும் அவளும் வறுத்த மொச்சையைத் தின்றபடி உட்காரும் வீடு வேறு, அது அவள் அப்பன் வீடு. எனக்கு இந்த வீட்டில் நினைவுகள் ஏதும் இல்லை. இருந்தும் வெறும் சுவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சாமான் சுமக்கப் போய்விட்டேன்.

நான்காம் நாள் காலை எல்லைக் கல்லைப் பெயர்த்து, வீடு நின்ற இடத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நட்டார்கள். விட்ட இடம் சாமிக்கு. கல்லை நட்டுவிட்டால் அதற்கு அப்பால் இருக்கும் எதையும் எடுக்க முடியாது. எனவே குழியை வெட்டிவிட்டு, ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பூசாரி கேட்டார்.

பின்கட்டில் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல், நல்ல தழைப்பு.

“அண்ணி, வேரோட தோண்டித் தந்தர்றேன். கல்லு இன்னும் நடல” என்றார் சடையன். மண்வெட்டியைக் கையில் எடுத்தும்விட்டார்.

பாப்பாத்தி மரத்தைப் பார்த்தாள். “வேண்டாமுங்க. இவ்வளவு பெருசாப் போனத எடுத்து நட்டாப் பொழைக்காது. இருந்துட்டுப் போவட்டும்.”

“ரெண்டு கொத்தாவது ஒடிச்சுக்கங்க.”

“நடுங்க” என்றாள். நட்டார்கள்.

அன்று மதியம் ரோட்டோரக் காட்டில், மிளகுக் கொடிகளுக்கு நடுவில் தார்ப்பாய் கட்டி, மூன்று கல் வைத்து, ஊருக்கே அவள்தான் சமைத்தாள். எனக்கு இரண்டரை மணிக்குப் பஸ். பந்தியில் எனக்கு எதிரே சடையன் உட்கார்ந்திருந்தார். பருப்புக் குழம்பு வந்தது. நான் வாங்கி வந்த கடுகும் சீரகமும் அதில் தாளித்திருந்தன, கறிவேப்பிலை இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டிருந்தால் கொத்துக் கொத்தாகக் கொடுத்திருப்பார்கள். அவள் கேட்கவில்லை. வரிசையில் ஒவ்வொருவரும் முதல் கவளத்தில் அதைக் கவனித்தது தெரிந்தது.

“குழம்பு எப்படிங்க கொழுந்தனாரே?” என்றாள் பாப்பாத்தி, கரண்டியோடு அவர் முன்னால் வந்து நின்று.

சடையன் நிமிரவில்லை. இலையைக் காட்டி, “இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க அண்ணி” என்றார். அவள் ஊற்றினாள். போதும் என்று அவர் கை காட்டவில்லை. குழம்பு இலையின் ஓரம்வரை வந்த பிறகு அவளே நிறுத்திக்கொண்டாள்.